தம்பியின் இடத்துக்கு ஆள்

கோபம் வந்தால் என் வாய் சும்மா இருக்காது. இந்த வாயோடு கன்னியர் மடத்துக்குப் போனால் இரண்டாம் நாளே மூட்டை கட்டி அனுப்பிவிடுவார்கள் என்று அம்மா சொல்லிச் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். என்னை மடத்துக்கு அனுப்பத்தான் போகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தவளுக்கு அது பகிடியாகத்தானே இருக்கும்.

என் பெயர் டினோஜா. எங்கள் ஊர் மன்னார்த் தீவில், தோட்டவெளிக்குக் கிட்ட இருக்கிறது. அப்பா அமிர்தநாயகம் நண்டு வலைக்குப் போகிறவர். அம்மா செலீனா. என்னைவிட மூன்று வயது இளையவன் தம்பி ஜெனிஸ்ரன். அவ்வளவுதான் எங்கள் வீடு. இன்னும் இரண்டு பிள்ளைகள் இருந்திருந்தால் இந்தக் கதைக்கே இடம் வந்திருக்காது.

ஓ.எல். பரீட்சை எழுதிய வருடம் நான், கடவுள் துறவுக்குக் கூப்பிடுகிறாரோ என்று பார்க்கிற இறையழைத்தல் முகாம் ஒன்றுக்குப் போனேன். பாலம் கடந்து, பாப்பாமோட்டைக்கு அங்கால், வயல்களுக்கு நடுவில் அந்த மடம் இருந்தது. அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. பாட்டு, செபம், மத்தியானம் பருப்பும் கத்தரிக்காயும். என்னோடு வந்த பெட்டைகள் எப்போது வீட்டுக்குப் போவோம் என்று எங்களை ஏற்றிவந்த வானைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். எனக்குப் போக மனம் வரவில்லை. அந்தச் சிஸ்டர்மார் காலையில் பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டார்கள். பின்னேரம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டினார்கள். நடுவில் ஒருவரை ஒருவர் நக்கலடித்து வயிறு குலுங்கச் சிரித்தார்கள். செபத்துக்கு மணி அடித்ததும் அந்தச் சிரிப்போடேயே கோயிலுக்குள் போனார்கள். நான் இருக்கவேண்டிய இடம் இதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பசிக்கிறவளுக்குப் பசிக்கிறது என்று தெரிகிற மாதிரித்தான் தெரிந்தது, வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா அழுதார். அப்பா அழவில்லை, கோபப்படவும் இல்லை. கதிரையை இழுத்து எனக்கு முன்னால் போட்டு இருந்துகொண்டு, பெரிய ஆளோடு கதைக்கிற மாதிரிக் கதைத்தார்.

"பதினாறு வயசில ஆருக்கும் தன்ர மனம் தெரியாது பிள்ளை. இண்டைக்கு மடம் எண்டுவாய், நாளைக்கு நேர்ஸ் வேலை எண்டுவாய். ஏ.எல். படிச்சு முடி. அதுக்குப் பிறகும் உனக்கு இந்த எண்ணம் இருந்தா நான் மறிக்கமாட்டன். மாதாவாணை."

அப்பா ஆணையிட்டு நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்கு அன்றைக்குக் கோபம்தான். ஆனாலும் உள்ளுக்குள் அது நியாயம் என்று பட்டது. முகாமை நடத்திய சிஸ்டர் றெபேக்காவுக்கும் போனில் கோல் எடுத்துச் சொன்னேன். அவரும் அதையே சொன்னார். "அப்பா சொல்லுறது சரிதான். காத்திருக்கிறதும் ஒரு பயிற்சி" என்றார்.

காத்திருந்தேன். விடியற்காலையில் அப்பாவின் வலையிலிருந்து அம்மாவோடு சேர்ந்து நண்டு கழற்றுவேன், குளிப்பேன், பள்ளிக்கூடம் போவேன். ரியூசன் வகுப்பில் டிலோஜன் என்றொருவன் எனக்குப் பின்னால் திரிந்தான். நல்ல பெடியன்தான். எனக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது என்று சொன்னேன். மாப்பிள்ளை வெளிநாட்டிலோ என்று கேட்டான். அதைவிடத் தூரம் என்றேன். மடம்தான் என்று தெரிந்த பிறகு அவன் என்னைக் கண்டால் 'ஸ்தோத்திரம் சிஸ்டர்' என்று சொல்லிப் பகிடி பண்ணத் தொடங்கிவிட்டான். எனக்கு அது பிடித்திருந்தது.

ஏ.எல். முடிந்த அன்றே அப்பாவிடம் போய் நின்றேன். "இன்னும் அதே எண்ணமோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப சரி. சொன்னா சொன்னதுதான்" என்றார். தை மாதம் வரலாம் என்று சிஸ்டர் றெபேக்காவும் சொல்லிவிட்டார். நான் அந்த வாரம் முழுக்கத் தரையில் கால் படாமல் திரிந்தேன்.

அந்த நேரத்தில்தான், குருவானவராகப் படிக்கப் பெடியன்களைச் சேர்க்கிற சிறிய குருமடத்து அதிபர் சுவாமி எங்கள் பங்குக் கோயிலுக்குப் பூசை வைக்க வந்தார். பீடத்தில் உதவிக்கு நின்றது என் தம்பி. ஜெனிஸ்ரனைப் பற்றிச் சொல்லவேண்டும். அழகாகப் பாடுவான். யார் என்ன வேலை சொன்னாலும் செய்வான். அவனுக்கு 'இல்லை' என்ற சொல் வாயில் வராது. பந்தடிக்கும்போதுகூட எதிர்ப்பக்கத்தான் கேட்டால் பந்தைக் கொடுத்துவிடுவான் என்று அவனுடைய கூட்டாளிகள் ஏசுவார்கள். அப்படிப்பட்ட பிள்ளையைப் பார்த்தால் எந்தச் சுவாமிக்குத்தான் ஆசை வராது? பூசை முடிந்ததும் அதிபர் சுவாமி அவனுடைய தோளில் கை போட்டுக்கொண்டு அப்பாவிடம் வந்தார். இவன் ஓ.எல். முடித்துவிட்டான், குருமடத்துக்கு அனுப்பினால் என்ன என்று கேட்டார்.

அப்பா யோசிக்கவே இல்லை. முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் ஊரிலிருந்து இன்றுவரை ஒரு குருவானவர் வந்ததில்லை. அன்றைக்கே கோயில் மூப்பர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கோயிலில் கடைசி வாங்குப் பலகையில் இருந்து பழகிய அப்பாவை அடுத்த ஞாயிறு முன்னுக்குக் கூப்பிட்டு இருத்தினார்கள். அவருடைய நடையே மாறிவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை.

"அவனுக்கும் பதினாறுதானே அப்பா? பதினாறு வயசில ஆருக்கும் மனம் தெரியாது எண்டு எனக்குச் சொன்னனீங்கள்."

"அது வேற பிள்ளை. ஆம்பிளைப் பிள்ளையளைச் சின்னனிலேயே விடவேணும். பிந்தினா உலகம் பிடிச்சிடும்."

"பொம்பிளைப் பிள்ளையளை உலகம் பிடிக்காதோ?"

"உன்னோட கதைச்சு வெல்ல ஏலாது" என்று அப்பா சிரித்தார். "நீயும்தானே போறாய். உனக்கென்ன குறை? ரெண்டுபேரையும் ஒண்டாவே அனுப்பி வைக்கிறன்."

அதோடு என் வாய் அடைத்துவிட்டது. தம்பியைத் தனியே பிடித்து, உனக்கு விருப்பமோ என்று கேட்டேன். "அப்பாக்குச் சரியான சந்தோசம் அக்கா" என்றான். நான் உன்னைத்தான் கேட்டனான் என்றேன். "சுவாமியும் நல்லதெண்டுதான் சொல்லுறார்" என்றான். இவனிடம் இதற்கு மேல் எதுவும் பிடுங்க முடியாது.

மார்கழியில் அதிபர் சுவாமி எங்கள் வீட்டுக்கே வந்தார். பெற்றோரோடு கதைக்கவேண்டுமாம். பக்கத்து ஊர் தாராபுரத்தில் றமீஸ் நானாவின் கடையில் சோடா வாங்கி வரும்படி அம்மா என்னை அனுப்பினார். நான் சைக்கிளில் போய் வருவதற்குள் கதை முடிந்துவிட்டது. சுவாமி எழும்பி நின்றார். தம்பி தன் காலைப் பார்த்துக்கொண்டு இருந்தான். எல்லோரும் சோடாவைக் குடித்தார்கள். சுவாமி என் தலையில் கை வைத்து, "நல்ல பிள்ளை. உங்களாலதான் இது நடக்குது" என்றார். எனக்கு அது விளங்கவில்லை. தம்பிக்குச் செபம் சொல்லிக் கொடுத்தது நான்தான், அதைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

புறப்படுகிறதற்கு முதல் வாரம் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொன்னோம். அம்மா முன்னால், நாங்கள் இரண்டுபேரும் பின்னால். ஒரு வீட்டில் சவர்க்காரம், ஒரு வீட்டில் துவாய், இன்னொரு வீட்டில் மடு மாதா கோயிலிலிருந்து வாங்கி வந்த செபமாலை என்று ஆளாளுக்குத் தந்தார்கள். "மகன் வெளிக்கிடுறான், செபிச்சுக்கொள்ளுங்கோ" என்பார் அம்மா. "நானும்தான்" என்பேன் நான். "ஓம் ஓம், வா, நேரம் போகுது" என்று அம்மா அடுத்த வீட்டுக்கு நடப்பார். வீட்டுக்கு வந்து எனக்கு வெள்ளைச் சட்டை தைத்தார். கை அளவு சரியோ என்று இரண்டு தரம் போட்டுப் பார்க்கச் சொன்னார். பிழையாக இருந்த இடத்தைப் பிரித்துத் திருப்பித் தைத்தார்.

எங்கள் பங்கில் ஒரு வழக்கம் இருக்கிறது. குருமடத்துக்கோ மடத்துக்கோ போகிற பிள்ளையை, ஞாயிறு பூசையில் காணிக்கை கொண்டுபோகிற நேரம், அப்பமும் திராட்சை இரசமும் எடுத்துப்போகிறவர்களோடு சேர்த்துத் தாயும் தகப்பனும் கையைப் பிடித்துப் பீடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். சுவாமி பிள்ளையின் கையை வாங்கிக்கொள்வார். தாய் தகப்பன் வெறுங்கையோடு திரும்பி வந்து இருப்பார்கள். பார்த்துக்கொண்டிருக்கிற சனம் முழுக்க அழும். வேறு பங்குகளில் இருக்கிறதோ தெரியாது, எங்களுக்கு அதுதான் பெரிய விசயம்.

நாங்கள் முன் வாங்கில் இருந்தோம். நான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். வீட்டில் என் பை கட்டித் தயாராக இருந்தது. பிரசங்கம் முடிந்து பங்குச் சுவாமி ஒலிவாங்கிக்குக் கிட்ட வந்தார்.

"இண்டைக்கு எங்கட பங்கு ஆண்டவருக்கு ஒரு பிள்ளையைக் குடுக்குது" என்றார். "அமிர்தநாயகம், செலீனா தம்பதிகளின் மகன் ஜெனிஸ்ரன்."

அடுத்ததாக என் பெயர் வரும் என்று நான் எழும்பினேன். எழும்ப முடியவில்லை. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு இருந்தார். என்னைப் பார்க்கவில்லை, பீடத்தைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தார். "இரு" என்றார். பாட்டுத் தொடங்கிவிட்டது. அம்மா என் கையை விட்டுவிட்டுத் தம்பியின் கையைப் பிடித்தார். அப்பா மற்றக் கையைப் பிடித்தார். மூன்றுபேரும் போனார்கள். முன் வாங்கில் வெள்ளைச் சட்டையோடு நான் தனியே இருந்தேன். எனக்குப் பின்னால் ஊர் முழுக்க இருந்தது. பயணம் சொல்லப் போனபோது துவாய் தந்த அத்தனைபேரும் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். கேட்டேன் என்று சொல்வது சரியில்லை, கத்தினேன். அயல் முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன்.

அப்பா கதிரையில் இருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"உங்களைப் பின்னடிக்கு, வயசுபோன காலத்தில பாக்க ஆள் இருக்கோ எண்டு அதிபர் சுவாமி கேட்டவர். ஒரே ஆம்பிளைப் பிள்ளையை எடுக்கேக்க அவையள் அதைக் கேக்கத்தான் செய்வினம். நான் சொன்னனான், மகள் வீட்டோட இருக்கிறா எண்டு."

"என்னைச் சோடா வாங்க அனுப்பிப்போட்டுச் சொன்னனீங்கள்."

"உன்ர முகத்தைப் பாத்துச் சொல்ல எனக்கு ஏலாமப் போச்சு. கொம்மா சொல்லுவா எண்டு நினைச்சன்."

"சுவாமி சொல்லுவார் எண்டு நான் நினைச்சன்" என்றார் அம்மா. அழுகையோடுதான் சொன்னார். அந்த அழுகை எனக்கு வெறுப்பாக இருந்தது. தெரிந்துகொண்டே எனக்குச் சட்டை தைத்தவர் இவர். கை அளவு பார்த்தவர் இவர்.

"மாதாவாணை எண்டு சொன்னனீங்களே அப்பா?"

"போகவேண்டாம் எண்டு இப்பவும் சொல்லேல்ல. கொஞ்சம் பொறு எண்டுதான் சொல்லுறன். தம்பி குருப்பட்டம் பெறட்டும். பிறகு நீ போ."

தம்பி பட்டம் பெறுகிறபோது எனக்கு முப்பது தாண்டியிருக்கும். அந்த வயதில் அந்த மடத்தில் எடுக்கமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும். நான் தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் தன் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான்.

"உனக்கும் தெரியும், என்ன?"

"ஓம் அக்கா" என்றான்.

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. என்னை ஏமாற்றிவிட்டார்கள். அடித்து மறித்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன், சண்டை பிடித்திருப்பேன். நியாயம் பேசி, ஆணையிட்டு, காத்திருக்கவைத்து, காத்திருந்தவளையே எடுத்து இன்னொரு பிள்ளைக்குப் பிணை வைத்துவிட்டார்கள். பின்னேரம் குருமடத்து வான் வந்தது, தம்பி ஏறினான். நான் வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு வீட்டோடுதான் இருந்தேன். நண்டு கழற்றினேன், சமைத்தேன், உடுப்புத் தோய்த்தேன். அப்பாவோடு தேவைக்கு மட்டும் கதைத்தேன். 'தேத்தண்ணி', 'சாப்பாடு', 'வலை கிழிஞ்சிருக்கு'. ஞாயிறுகளில் பின் வாங்கில் இருந்தேன். டிலோஜன் ஒருநாள் தெருவில் கண்டான். பகிடி ஒன்றும் விடவில்லை, தலையைக் குனிந்துகொண்டு போனான். ஊரின் பகிடியிலிருந்தே நான் வெளியே விழுந்துவிட்டேன் என்று அன்றைக்கு விளங்கியது.

உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்குத் தம்பி வந்தான். விடுமுறை முடிந்தும் திரும்பிப் போகவில்லை. வயிற்று வலி என்றான், காய்ச்சல் என்றான். ஒருநாள் விடிய நான் வலைக்கு முன்னால் இருந்து நண்டு கழற்றும்போது கிட்ட வந்து குந்தினான்.

"அக்கா, எனக்கு அங்க ஒண்டும் கேக்கேல்ல."

"என்ன கேக்கவேணும்?"

"அழைத்தல். எல்லாரும் அதைத்தான் கதைக்கினம். நானும் காது குடுத்துக்கொண்டுதான் இருந்தனான். பாடச் சொன்னாப் பாடினன். கூட்டச் சொன்னாக் கூட்டினன். எனக்கு ஒருத்தரும் கூப்பிட்ட மாதிரித் தெரியேல்ல. நான் போகமாட்டன்."

அவன் வாயில் 'மாட்டன்' என்ற சொல்லை நான் கேட்டது அதுதான் முதல்தடவை. எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த நண்டை அவன்மேல் எறிந்தேன். அவன் விலகவில்லை. நண்டு அவன் சட்டையில் பிடித்துக்கொண்டு தொங்கியது. அதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு அழுகை வந்தது. அவனும் அழுதான்.

"அண்டைக்கே உங்களுக்குச் சொல்லியிருக்கவேணும் அக்கா. அப்பாவைப் பாத்தாப் பயமா இருந்தது."

"போடா" என்றேன். வேறு என்ன சொல்வது? இவனையும்தான் யாரும் கேட்கவில்லை.

அப்பா அவனை அடிக்கவில்லை. வலையை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனார். ஞாயிறு கோயிலுக்குப் போகவில்லை. பீடத்தில் வைத்ததைத் திரும்பக் கொண்டுவந்த வீடு என்று யாரோ கிணற்றடியில் சொன்னதாக அம்மா வந்து அழுதார். மூப்பர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போது திரும்பிப் பாராமல் சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு போனார்.

அடுத்த கிழமை அப்பா நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு பங்குச் சுவாமியின் அறைவீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு தெளிவு தெரிந்தது. எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"சுவாமியோட கதைச்சிட்டன். சிஸ்டர் றெபேக்காவோடயும் கதைச்சாச்சு. நாளைக்கு வெளிக்கிடு. நான் கொண்டுபோய் விடுறன். வாற ஞாயிறு பூசையில சுவாமி அறிவிப்பார்."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"தம்பி வந்திட்டான்தானே" என்றார். "குடுத்த இடம் வெறுமையா இருக்கக்கூடாது."

எங்கள் ஊரில் அந்தோனியாருக்கு நேர்ந்துவிட்ட சேவல் திருவிழாவுக்கு முன்னால் செத்துப்போனால் சும்மா விடமாட்டார்கள். வளவில் நிற்கிற வேறொரு சேவலைப் பிடித்து அதன் காலில் நூலைக் கட்டிவிடுவார்கள். நேர்த்தி நேர்த்திதான், எந்தச் சேவல் என்பதில் அந்தோனியாருக்குப் பிரச்சினை இல்லை. அப்பா என்னை அன்றைக்குப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வைதான். வளவில் நின்ற மற்றச் சேவல் நான். அவர் பாசமில்லாத மனிசன் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளையும் அப்படி மாற்றி மாற்றி வைக்கலாம் என்று உண்மையாகவே நம்பினார். அதுதான் எனக்கு இன்னும் நோகிறது.

அந்த இடத்திலேயே மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் எனக்கு ஆசை இருந்தது. இவர்கள் எந்தக் காரணத்துக்காவது அனுப்பட்டும், நான் என் காரணத்துக்காகப் போகிறேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்தநாள் யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் பாலம் கடந்தபோது வயிற்றுக்குள் அந்தப் பழைய சந்தோசம் வரத் தொடங்கியது. எனக்கே வெட்கமாக இருந்தது.

மடத்து வரவேற்பறையில் சிஸ்டர் றெபேக்கா எங்களை இருத்தி இஞ்சித் தேத்தண்ணி தந்தார். அப்பா தொடங்கினார்.

"இவளுக்குச் சின்னனிலேயே அழைத்தல் இருக்கு சிஸ்டர். எப்ப பாத்தாலும் மடம் மடம் எண்டுதான் நிப்பாள். நாங்களும் மறிக்கக்கூடாது எண்டு முடிவெடுத்திட்டம்."

சொன்னதெல்லாம் உண்மை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவர் வாயிலிருந்து வந்தபோது எனக்கு அருவருத்தது.

சிஸ்டர் என்னோடு தனியே கதைக்கவேண்டும் என்றார். அப்பா விருப்பமில்லாமல் எழும்பி வெளியே போய் மாமரத்தடியில் நின்றார்.

"இப்பவும் விருப்பமோ பிள்ளை?" என்று கேட்டார் சிஸ்டர்.

"ஓம் சிஸ்டர். பஸ்ஸில வரேக்கயும் விருப்பமாத்தான் வந்தனான்."

"அப்ப ஏன் முகம் இப்பிடி இருக்கு?"

"ஒண்டு கேக்கவேணும். நான் தை மாசம் வரமாட்டன் எண்டு உங்களுக்கு எப்ப தெரியும்?"

சிஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நத்தாருக்கு முதல்" என்றார். "அப்பா கோல் எடுத்தவர்."

கிறிஸ்து பிறந்த நத்தார் அன்று நான் இவருக்கு வாழ்த்துச் சொல்லக் கோல் எடுத்தேன். வரும்போது என்னென்ன கொண்டுவரவேண்டும் என்று கேட்டேன். வெள்ளைச் சட்டை இரண்டு, போர்வை ஒன்று என்று இவர்தான் சொன்னார். அந்தப் போர்வையை அம்மா மன்னார் ரவுனில் போய் வாங்கி வந்தார்.

"அண்டைக்கு ஏன் சிஸ்டர் சொல்லேல்ல?"

"உங்கட குரலைக் கேக்க எனக்குச் சொல்ல மனம் வரேல்ல. அப்பாதான் சொல்லவேணும் எண்டும் நினைச்சன். ஒரே ஆம்பிளைப் பிள்ளை, குருவா வரப்போறான் எண்டேக்க நாங்கள் குறுக்க நிக்க ஏலுமோ? குருத்துவம் பெரிய கொடை பிள்ளை."

"அப்ப எனக்கு வந்தது சின்னதோ?"

"அப்பிடி இல்லை" என்றார். பிறகு, "பிழைதான்" என்றார். நல்ல மனிசி. அதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. கண் கலங்கிவிட்டது. முகாமில் மரவள்ளிப் பாத்திக்குள் நின்று சிரித்த அதே முகம்.

"சிஸ்டர், நான் இஞ்ச வந்தா உங்கட கையிலதானே கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு குடுக்கவேணும்? நீங்கள் இரு எண்டா இருக்கவேணும், போ எண்டாப் போகவேணும். நீங்கள் சொல்லுறது உண்மை எண்டு நம்பினாத்தானே அது ஏலும்? நான் எப்பிடிக் குடுக்கிறது?"

அதற்கு அவரிடம் ஒரு பதில் இருக்கவேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். ஏதாவது ஒரு சொல் சொல்லி என்னை மறித்திருந்தால் நின்றிருப்பேன். அவர் என் கையை மட்டும் பிடித்துக்கொண்டார். உள்ளே செபத்துக்கு மணி அடித்தது. நான் கையை எடுத்துக்கொண்டு, பையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அப்பா என் கையில் பையைக் கண்டதும் ஓடி வந்தார்.

"என்ன, மாட்டன் எண்டிட்டினமோ?"

"அவையள் ஒண்டும் சொல்லேல்ல. நான்தான் மாட்டன் எண்டனான்."

"உனக்கென்ன விசரோ? இதுக்குத்தானே இவ்வளவு காலமும் கிடந்து துடிச்சனி?"

"ஓம்" என்றேன். "இதுக்குத்தான்."

வீதிக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றோம். வெயில் கொளுத்தியது. அப்பா சேட்டின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு வயலைப் பார்த்தார். உனக்கு என்ன நடந்தது என்று கேட்பார் என்று நினைத்தேன். இத்தனைக்குப் பிறகும் நினைத்தேன்.

"ஊருக்கு நான் என்ன சொல்லுறது?" என்றார்.

"மகளுக்கு அழைத்தல் இருந்தது, நாங்கள்தான் பறிச்சனாங்கள் எண்டு சொல்லுங்கோ."

அப்பா என்னைப் பார்த்தார். மன்னார் பஸ் வந்தது. நான் கை காட்டி மறித்து, அவருக்கு முன்னால் ஏறினேன்.